வர்ணம் எதையும் மறைக்காது

நவராத்திரி சமயத்தில் பழைய வீடுகளின் கொலுப் படிகளை நிதானமாகப் பார்த்தவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பார்கள். பாட்டி காலத்துப் பொம்மைகளில் சிலவற்றுக்கு மூக்கு இருந்த இடம் மழுங்கிப் போயிருக்கும். விழி இருந்த பள்ளம் தூர்ந்து போயிருக்கும். கிருஷ்ணனும் பக்கத்தில் கடை விரித்திருக்கும் செட்டியாரும் ஏறக்குறைய ஒரே ஜாடையில் நமக்குத் தரிசனம் கொடுப்பார்கள். மண் தேய்ந்துவிட்டதோ என்று நினைக்க வேண்டாம். வீட்டில் உள்ள யாரோ ஒருவர், சில வருஷங்களுக்கு ஒரு முறை, பழைய வர்ணத்தைச் சுரண்டாமலும் தூசியைத் துடைக்காமலும் அதன்மேலேயே புது வர்ணத்தைப் பூசி வந்ததன் பலன் அது. பொம்மையின்மேல் இருந்த அன்புதான் காரணம். ஆனால் அந்த அன்பு பொம்மையின் முகத்தையே விழுங்கிவிட்டது.

இந்தப் பக்கத்துக்குக் கடிதம் எழுதும் பெற்றோர்களில் சிலர் கேட்டிருக்கும் கேள்விக்கும் கொலுப் பொம்மைக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. “விடுமுறையில் பிள்ளைகள் பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி ஆகாய விமான மாதிரி செய்கிறார்கள். ஒட்டி முடிக்கும் வரையில் நன்றாகத்தான் இருக்கிறது. வர்ணம் பூசியவுடன் பார்க்கச் சகிக்கவில்லை. காரணம் என்ன?” என்பது கேள்வி. காரணம் ஒன்றே ஒன்றுதான். செய்த வேலையில் உள்ள குறைகளை வர்ணம் மறைத்துவிடும் என்று நாம் நம்புகிறோம். வர்ணத்துக்கோ அந்தக் குணமே கிடையாது. அது குறையை ஊரறியச் செய்யும்.

பொம்மை விமானத்துக்கு இத்தனை விசாரம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு சரித்திரச் செய்தி சொல்ல விரும்புகிறேன். 1942-ஆம் வருஷத் தொடக்கத்தில், அமெரிக்கா உலக யுத்தத்தில் இறங்கிச் சில வாரங்களே ஆகியிருந்த சமயத்தில், அந்நாட்டுக் கடற்படை தன் தேசத்துப் பள்ளி மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள் விடுத்தது. நேச நாட்டு விமானங்களும் எதிரி நாட்டு விமானங்களுமாக ஐந்து லட்சம் மர மாதிரிகளைச் செய்து தர வேண்டும் என்பதே அந்த வேண்டுகோள். ஒவ்வொன்றும் அசல் விமானத்தில் 72-இல் ஒரு பங்கு இருக்க வேண்டும்; உருவம் ஒன்றே கண்ணில் படும்படி முழுவதும் கறுப்பு வர்ணம் பூசப்பட வேண்டும். அத்தகைய மாதிரியை 35 அடி தூரத்தில் தூக்கிப் பிடித்தால், ஏறக்குறைய அரை மைலுக்கு அப்பால் பறக்கும் நிஜ விமானம் போலத் தோன்றும். அதைப் பார்த்துப் பழகித்தான் பீரங்கிக்காரர்களும் விமானிகளும் நண்பன் யார், பகைவன் யார் என்று நொடிப் பொழுதில் தீர்மானிக்கக் கற்றுக்கொண்டார்கள். இறக்கையின் வளைவு சற்றே பிசகியிருந்தால், அதைப் பார்த்துப் பழகியவன் நண்பனையே சுட்டு வீழ்த்தக்கூடும். ஆகையால் பையன்கள் செய்து அனுப்பியவை பரிசோதனைக்குப் பிறகே ஏற்றுக்கொள்ளப்பட்டன. கையால் செய்யும் காரியத்தில் ‘ஏறக்குறையச் சரி’ என்பது எப்போதும் போதாது என்பதை அந்தப் பையன்கள் அறிந்திருப்பார்கள்.

இன்று கடைகளில் கிடைக்கும் மாதிரிகளிலும் இந்த 1:72 என்ற அளவு மிகவும் வழக்கத்தில் இருக்கிறது. இதில் ஒரு சின்னக் கணக்கு அடங்கியிருக்கிறது. இந்த அளவில் ஆறடி மனிதன் ஓர் அங்குலம் ஆகிவிடுகிறான். எழுதும் காகிதம் ஒன்றின் கனம் சுமார் 0.1 மில்லிமீட்டர். அந்தக் கனத்துக்கு நாம் வர்ணம் பூசினோமானால், நிஜ விமானத்தின்மேல் 7 மில்லிமீட்டர் கனத்துக்குச் சாந்து பூசியதற்குச் சமானம். சுவருக்குத்தான் அது பொருந்தும். பறக்கும் வஸ்துவுக்குப் பொருந்தாது. எனவே இந்தக் கலையின் முதல் விதி, எவ்வளவு மெல்லியதாகப் பூச முடியுமோ அவ்வளவு மெல்லியதாகப் பூசுவது. மற்ற விதிகள் எல்லாம் இதன் குழந்தைகளே.

உதாரணத்துக்கு ஒரு விமானத்தை எடுத்துக்கொள்வோம். 1944-இல் ஜப்பானியப் படைகள் இம்பாலை முற்றுகையிட்டபோது, இந்திய விமானப்படையின் முதலாவது ஸ்குவாட்ரன் அங்கே ஹரிக்கேன் விமானங்களைச் செலுத்திற்று. அதன் தலைவர் அர்ஜன் சிங். பிற்காலத்தில் விமானப்படை மார்ஷல் என்ற மிக உயர்ந்த பதவியை அடைந்து, 2017-இல் காலமானவர். ஹரிக்கேனின் இறக்கை, நுனிக்கு நுனி 40 அடி. நம் மாதிரியில் அது 17 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். மேற்புறம் கரும்பச்சையும் மண் நிறமும் கலந்த திட்டுகள். அடிப்புறம் சாம்பல் நிறம். உடலின் பின்பாதி உலோகத் தகடு அல்ல. மரச்சட்டங்களின்மேல் இழுத்துக் கட்டிய துணி. அந்தச் சட்டங்களின் மெல்லிய வரிகள் மாதிரியிலும் இருக்கும். கனத்த வர்ணம் முதலில் விழுங்குவது இந்த வரிகளைத்தான். கொலுப் பொம்மையின் மூக்குக்கு நேர்ந்த கதியே இதற்கும் நேரும்.

வேலை, வர்ணப் புட்டியைத் திறப்பதற்கு வெகு முன்னரே தொடங்குகிறது. அச்சிலிருந்து பிளாஸ்டிக் பாகங்கள் சுலபமாகக் கழன்று வருவதற்காக ஒரு வகை எண்ணெய்ப் பசை தடவுவதுண்டு. அதன் மிச்சமும், நம் விரல்களின் எண்ணெயும் படிந்த இடத்தில் வர்ணம் பிடிக்காது. பாத்திரம் துலக்கும் சோப்புச் சில துளிகளை வெதுவெதுப்பான நீரில் விட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷினால் மெதுவாகக் கழுவி, தானாக உலரவிட வேண்டும். துண்டினால் துடைத்தால் நூல் பிசிறு ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த பிறகு விரல் படாமல் பிடிப்பதற்கு, விமானத்தின் மூக்கிலோ வயிற்றிலோ உள்ள ஒரு துவாரத்தில் மூங்கில் குச்சியைச் சொருகிக்கொள்வது நல்ல உபாயம்.

உடலின் இரண்டு பாதிகள் கூடும் இடத்தில் ஒரு கோடு தெரியும். நிஜ விமானத்தில் அந்த இடத்தில் கோடு இராது. அதைப் பட்டி வைத்து அடைத்து, நன்றாக இறுகிய பிறகு தேய்க்க வேண்டும். மர வேலைக்குரிய உப்புத்தாள் இதற்கு ஆகாது. தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் வாட்டர் பேப்பர் வேண்டும். 400 எண்ணில் தொடங்கி, 600, 1000 என்று மென்மையான தாள்களுக்குப் போக வேண்டும். எண் கூடக் கூடத் தாள் மென்மையாகும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். பலர் நேர்மாறாக எண்ணிக்கொண்டு தலைகீழாகத் தேய்க்கிறார்கள்.

இதற்குப் பிறகுதான், கடைக்காரர்கள் பிரைமர் என்று சொல்லும் அடிப்பூச்சு வருகிறது. தஞ்சாவூர்ப் படம் எழுதுகிறவர்கள் பலகையின்மேல் துணியை ஒட்டி, சுக்காங்கல் பொடியும் பசையும் கலந்து பூசித் தேய்த்து வழவழப்பாக்கிய பிறகே கோடு போடத் தொடங்குகிறார்கள் அல்லவா? அதே தத்துவம்தான் இதுவும். அடிப்பூச்சு மூன்று காரியங்களைச் செய்கிறது. வழுக்கும் பிளாஸ்டிக்கின்மேல் வர்ணம் பிடித்துக்கொள்வதற்குப் பிடிமானம் தருகிறது. பிளாஸ்டிக் ஒரு நிறம், பட்டி ஒரு நிறம் என்று இருப்பதை ஒரே நிறமாக்கி, மேலே வரும் வர்ணம் எல்லா இடத்திலும் ஒன்றுபோலத் தோன்றச் செய்கிறது. மூன்றாவது காரியத்தைத்தான் பலர் விரும்புவதில்லை. அது குறைகளைக் காட்டிக் கொடுக்கிறது. சாம்பல் நிற அடிப்பூச்சின்மேல் வெளிச்சத்தைச் சாய்வாக விழச் செய்து பாருங்கள். அதுவரை கண்ணுக்குத் தெரியாத கீறல், பள்ளம், விரல் ரேகை யாவும் தலையெடுத்து நிற்கும்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், கண்காட்சிக்கு முதல் நாள் மாலை, அடிப்பூச்சு அடித்த ஹரிக்கேனை என்னிடம் கொண்டுவந்தான். முதுகின் நடுவே மெல்லிய கோடு ஒன்று மீண்டும் தெரிந்தது.

“ஸார், மேலே கரும்பச்சை வரப்போகிறதே, இந்தக் கோடு தெரியவா போகிறது?” என்று கேட்டான்.

நான் பதில் சொல்லாமல் கைவிளக்கை அவனிடம் கொடுத்தேன். அவன் சாய்வாக ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தான். கோட்டுக்கு நிழல் விழுந்தது. நிழலுக்குக் கரும்பச்சையும் சாம்பலும் ஒன்றுதான் என்பது அவனுக்கே விளங்கிவிட்டது.

“தேய்த்தால் நாளைக்குள் வர்ணம் பூச முடியாதே, ஸார்” என்றான்.

“முடியாது, தம்பி. எது வேண்டுமென்று நீயே தீர்மானம் செய்துகொள்” என்றேன்.

மறுநாள் கண்காட்சி மேஜையின்மேல் விமானம் சாம்பல் நிறத்திலேயே நின்றது. முதுகில் பாதி தேய்த்த தழும்பு. பக்கத்தில் ஒரு சீட்டு: “இன்னும் முடியவில்லை. ஒட்டிய கோடு தெரிகிறது. தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.” வந்தவர்களில் பெரும்பாலோர் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். பஸ்களுக்குக் கூடு கட்டும் பட்டறையில் முப்பது வருஷம் வர்ணம் அடித்த பெரியவர் ஒருவர் மட்டும், தம் பேரனைப் பார்க்க வந்தவர், அந்தச் சீட்டைப் படித்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவினால், கண்ணுக்குத் தெரியாத மேடும் விரலுக்குத் தெரியும் என்று அவர் பையனுக்குச் செய்து காட்டினார். முதல் பரிசு, புகை கக்கும் எரிமலைக்குப் போயிற்று. பையன் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு விமானத்தைத் தடவுவதில் முனைந்திருந்தான்.

இத்தனை நுணுக்கமான மேடு பள்ளம் உண்மையில் பொருட்படுத்தத் தக்கதுதானா என்ற கேள்விக்கு, நிஜ விமானம் கட்டியவர்களே விடை கண்டிருக்கிறார்கள். 1936-இல் முதன்முதலாகப் பறந்த ஸ்பிட்பயர் விமானத்தில், தகடுகளை இணைக்கும் ரிவெட்டுகளின் தலைகள் மேற்பரப்போடு சமமாக இருக்கும்படி அமைத்திருந்தார்கள். அவ்வாறு அமைப்பதற்குச் செலவும் நேரமும் அதிகம். உருண்டைத் தலை ரிவெட்டுகளையே அடித்தால் என்ன நஷ்டம் என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அதற்காக அவர்கள், உடைத்த பட்டாணிப் பருப்பை ஒவ்வொரு ரிவெட்டின்மேலும் கோந்தினால் ஒட்டி விமானத்தைப் பறக்கவிட்டார்கள். வேகம் மணிக்கு 22 மைல் வரையில் குறைந்துவிட்டது! பிறகு பருப்பைப் பகுதி பகுதியாகச் சுரண்டி எடுத்துப் பார்த்து, எங்கே உருண்டைத் தலை இருந்தால் பாதகமில்லை, எங்கே இருக்கவே கூடாது என்று முடிவு செய்தார்கள். சமையல் அறைச் சாமான் விமானக் கலைக்குச் செய்த உபகாரங்களில் இது முக்கியமானது.

இனி, அடிப்பூச்சை அடிக்கும் முறை. டப்பாவிலிருந்து பீச்சும் ஸ்பிரேயானால், விமானத்துக்கும் டப்பாவுக்கும் இடையே 20 முதல் 25 சென்டிமீட்டர் இருக்கட்டும். பீச்சுவதை விமானத்துக்கு வெளியே தொடங்கி, அதைக் கடந்து, மறுபுறம் வெளியே சென்ற பிறகே நிறுத்த வேண்டும். விமானத்தின்மேலேயே தொடங்கினால் முதல் துளிகள் கொத்தாக விழுந்து வழியும். முதல் பூச்சில் பிளாஸ்டிக் முழுவதும் மறைய வேண்டிய அவசியமில்லை. பனி படிந்ததுபோல இருந்தால் போதும். பத்துப் பதினைந்து நிமிஷம் கழித்து இரண்டாவது, பிறகு மூன்றாவது. டப்பாவை வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் வைத்தெடுத்தால் துளிகள் நுண்மையாக வரும். அடுப்பருகில் மட்டும் அதைக் கொண்டுபோகவே கூடாது, வெடித்துவிடும்.

பருவத்தையும் கவனிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சென்னைப் பக்கத்துக் காற்றில் ஈரம் மிகுதி. லாக்கர் வகை வர்ணத்தின் தின்னர் ஆவியாகும்போது பூசிய பரப்பு குளிர்ந்துவிடுகிறது. காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து, வர்ணம் வெண்புகை படர்ந்ததுபோல் பூத்துப் போகிறது. சித்திரை வெயிலிலோ, துளி விமானத்தை அடைவதற்கு முன்பே பாதி உலர்ந்து, பரப்பு முழுவதும் மணல் தூவியதுபோல் சொரசொரப்பாகிவிடும். மழை ஓய்ந்த, காற்று வீசாத காலை வேளையே உத்தமம். எந்தப் பருவமானாலும் ஜன்னல்களைத் திறந்து வைத்து, தகுந்த முகமூடி அணிந்துகொண்டே ஸ்பிரேயைத் தொட வேண்டும். அதன் ஆவி தீப்பற்றக்கூடியது, நுரையீரலுக்கும் கெடுதல். சிறு குழந்தைகளுக்கு, தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வர்ணமும் மெல்லிய பிரஷ்ஷுமே போதும். பால் பதத்துக்குக் கரைத்து, ஒன்று உலர்ந்தபின் ஒன்றாக மூன்று மெல்லிய பூச்சுகள் பூசினால், ஏர்பிரஷ் இல்லாத வீட்டிலும் நேர்த்தியான விமானம் உருவாகும்.

நிறங்களைப் பூசும் வரிசை, வெளிர் நிறத்திலிருந்து அடர்ந்த நிறத்துக்கு. வெளிர் நிறம் அடர்ந்த நிறத்தை மூடாது. மூடச் செய்ய வேண்டுமானால் கனமாகப் பூச வேண்டியிருக்கும். ஆகவே ஹரிக்கேனுக்கு முதலில் அடிப்புறச் சாம்பல். அதை மறைத்துவிட்டு மேற்புறத்தில் மண் நிறம். அதில் ஒரு பகுதியை மறைத்துவிட்டுக் கரும்பச்சை. இங்கே ‘மறைத்து’ என்று நான் சொல்வது, மாஸ்கிங் டேப் என்னும் நாடாவை ஒட்டி, வர்ணம் படக்கூடாத இடத்தைக் காப்பாற்றுவதை.

இந்த நாடாவின் பிறப்பே ரஸமானது. 1920-களில் அமெரிக்காவில் இரட்டை வர்ண மோட்டார் வண்டிகளுக்கு மோகம் பிறந்தது. ஒரு நிறத்தின்மேல் செய்தித்தாளைப் பசை போட்டு ஒட்டி மறைத்துக்கொண்டு மற்ற நிறத்தை அடிப்பார்கள். தாளைப் பிரிக்கும்போது, அடித்த வர்ணமும் அதோடு கூடவே வந்துவிடும். செயின்ட் பால் நகரத்துப் பட்டறை ஒன்றில் தொழிலாளிகள் இதற்காகக் கோபத்தில் வைதுகொண்டிருந்ததை, ரிச்சர்டு டுரூ என்ற இளைஞர் கேட்டார். அவர் அங்கே போயிருந்தது, தம் கம்பெனி செய்த உப்புத்தாளைப் பரீட்சித்துப் பார்ப்பதற்காக. நாடாவுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. “அதற்கு நான் வழி செய்கிறேன்” என்று ஏற்றுக்கொண்டு, மேலதிகாரி வேண்டாமென்று சொல்லியும் விடாமல் முயன்று, 1925-இல் வெற்றி கண்டார். அவர் தீர்க்க வேண்டியிருந்த சிக்கலைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒட்ட வேண்டும், ஆனால் பிரிக்கும்போது எதையும் பறித்துக்கொண்டு வரக்கூடாது. இப்போது மாதிரி செய்கிறவர்கள் விரும்பும் மஞ்சள் நாடா, வாஷி என்னும் மெல்லிய ஜப்பானியக் காகிதத்தில் ஆனது. வளைந்த இடத்திலும் அது படிந்து கிடக்கும்.

நாடா நல்லதாயிருந்தால் மட்டும் கோடு நேராக வந்துவிடாது. சுருளின் ஓரத்தில் எப்போதும் தூசி ஒட்டியிருக்கும். கண்ணாடித் துண்டின்மேல் நாடாவை ஒட்டி, புது பிளேடினால் ஓரத்தை நறுக்கிவிட்டு, அந்தப் புது ஓரத்தையே பயன்படுத்த வேண்டும். கண்ணாடியில் ஒரு முறை ஒட்டிப் பிரிப்பதனால் பசையின் கடுமையும் சற்றுத் தணியும். விமானத்தில் ஒட்டியபின், ஓரம் முழுவதையும் பல்குச்சியின் மழுங்கிய முனையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். நடுப்பகுதியைத் தேய்க்க வேண்டியதில்லை. அதன் பிறகு ஓர் இரகசியம் இருக்கிறது. உடனே புது நிறத்தை அடிக்காதீர்கள். நாடாவுக்கு அடியில் இருக்கும் பழைய நிறத்தையே ஓரத்தின்மேல் ஒரு மெல்லிய பூச்சு அடியுங்கள். ஓரத்தில் நுண்ணிய சந்து ஏதேனும் இருந்தால் அந்த நிறமே அதில் புகுந்து அடைத்துக்கொள்ளும். நிறம் ஒன்றாகையால் கண்ணுக்குத் தெரியாது. பின்னர் புது நிறம் உள்ளே கசிவதற்கு வழியே இராது. புது நிறத்தையும் ஓரத்துக்கு எதிர்முகமாக அடிக்காமல், நாடாவின் பக்கத்திலிருந்து வெளிநோக்கி அடிக்க வேண்டும்.

திட்டுகளின் ஓரம் மங்கலாக இருக்க வேண்டுமா, கூர்மையாக இருக்க வேண்டுமா என்று விவாதிப்பவர்கள் உண்டு. இதையும் கணக்குக்கே விட்டுவிடலாம். நிஜ விமானத்தில் ஓர் அங்குல அகலத்துக்கு இரு நிறங்கள் கலந்திருந்தால், நம் மாதிரியில் அது 0.35 மில்லிமீட்டர்தான், வெறும் கண்ணுக்குக் கூர்மையான கோடாகவே தோன்றும். ஆகவே நாடாவை வளைவாக நறுக்கி ஒட்டுவதில் தவறில்லை.

மிகவும் பொறுமை வேண்டிய இடம் விமானியின் கண்ணாடிக் கூண்டு. ஹரிக்கேனின் கூண்டில் குறுக்கும் நெடுக்குமாகச் சட்டங்கள் பல. ஒவ்வொரு கண்ணாடிச் சதுரத்துக்கும் அளவாக நாடாத் துண்டை நறுக்கி ஒட்டி, சட்டங்கள் மட்டும் வெளியே தெரியும்படி செய்ய வேண்டும். அவற்றின்மேல் முதலில் விமானத்தின் உட்புறப் பச்சையையும், அது உலர்ந்தபின் வெளிப்புற நிறத்தையும் அடிக்க வேண்டும். கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்ப்பவனுக்குச் சட்டத்தின் உட்புறம் உட்புற நிறத்தில்தானே தெரிய வேண்டும்? அப்படி எட்டிப் பார்ப்பவன் நூற்றுக்கு ஒருவன் இருந்தாலும், அவனுக்கும் நாம் கடமைப்பட்டவர்கள்.

ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் வரும் வேலை, சும்மா இருப்பது. இதுவே எல்லாவற்றிலும் கடினமான வேலை. தொட்டால் ஒட்டாத வர்ணம் உள்ளே இன்னும் இளகியிருக்கக்கூடும். அதன்மேல் நாடாவை ஒட்டினால் தடம் பதியும், அல்லது வர்ணம் உரிந்து வரும். ஒரு முழு நாள் காத்திருப்பது நஷ்டமல்ல. தூசி விழாமல் ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து மூடிவிட்டு, வேறு காரியம் பார்க்கலாம். ஆனால் கடைசி நிறம் அடித்தபின், நாடாவைப் பிரிப்பதற்கு மட்டும் அத்தனை நாள் காத்திருக்க வேண்டாம். வர்ணம் கையில் ஒட்டாத பதம் வந்தவுடனே, நாடாவை அதன்மேலேயே மடித்து, மெதுவாக, தாழ்வாக இழுத்துப் பிரிக்க வேண்டும். இறுகிப் போனபின் பிரித்தால் ஓரம் பிசிறாக உடையும்.

அடுத்தது, சின்னங்களை ஒட்டுவது. நீரில் ஊறவைத்து ஒட்டும் படங்களைச் சொரசொரப்பான பரப்பின்மேல் வைத்தால், அடியில் காற்று சிறைப்பட்டு வெள்ளி பூத்ததுபோல் மினுங்கும். ஆகையால் முதலில் பளபளக்கும் வார்னிஷ் ஒரு பூச்சு, பிறகு படங்கள், கடைசியில் பளபளப்பை அடக்கும் மங்கல் வார்னிஷ்.

இந்தச் சின்னங்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் விமானங்களின் வட்டச் சின்னத்தில் நடுவே சிவப்புப் புள்ளி உண்டு. ஜப்பானிய விமானங்களின் சின்னமோ முழுவதும் சிவப்பு வட்டம். பர்மா யுத்தத்தின் இடையில், நண்பனைப் பகைவன் என்று மயங்கிச் சுட்டுவிடாமல் இருப்பதற்காக, இந்தப் பகுதியில் பறந்த விமானங்களின் சின்னத்திலிருந்து சிவப்பையே எடுத்துவிட்டார்கள். இம்பாலில் நம் இளைஞர்கள் ஏறிச் சென்ற ஹரிக்கேன்களிலும் நீலமும் வெளிர் நீலமும்தான் இருந்தன. ஒரு சிறு வட்டத்தின் நிறம் மனித உயிரின் விலையாக இருந்த காலம் அது.

பிள்ளைகளில் சிலர், தேசபக்தி மிகுதியால், இந்த விமானத்துக்குக் காவி, வெள்ளை, பச்சை வட்டங்களை ஒட்ட ஆசைப்படுகிறார்கள். அந்த மூவர்ண வட்டம் நம் தேசம் குடியரசான 1950-க்குப் பிறகு வந்தது. 1944-இல் அந்த இளைஞர்கள், தம் தேசம் அடிமைப்பட்டிருந்த காலத்தில், அந்நியனுடைய சின்னத்தின் கீழ் பறந்தார்கள். தம் மண்ணின் எல்லையைக் காக்கவும் பறந்தார்கள். இரண்டும் உண்மை. அந்தச் சங்கடமான உண்மையை மூவர்ணம் பூசி மூடினால், பொம்மையின்மேல் வைத்த அன்பினால் அதன் முகத்தை இழந்தவர்கள் செய்த காரியத்தையே நாமும் செய்தவர்களாவோம். எப்படி இருந்ததோ அப்படியே நீல வட்டத்தை ஒட்டச் சொல்லுங்கள். ஏன் நீலம் என்று குழந்தை கேட்கும். அப்போது சரித்திரத்தை எடுத்துச் சொல்லலாம்; பாடப் புத்தகத்தில் படித்ததைவிட அது நெஞ்சில் நன்றாகப் பதியும்.

வேலை முடிந்து, மேஜையின்மேல் விமானம் நிற்கும்போது, பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது கரும்பச்சையும் மண் நிறமும் மட்டுமே. கழுவியது தெரியாது, பட்டி வைத்தது தெரியாது, மூன்று முறை தேய்த்தது, ஒரு நாள் முழுவதும் கைகட்டிக் காத்திருந்தது ஒன்றும் தெரியாது. “நல்ல வர்ணம், எந்தக் கடையில் வாங்கினாய்?” என்று கேட்பார்கள். பையன் கடையின் பெயரைச் சொல்லிவிட்டுப் போகட்டும். மற்றதை அடுத்த விமானத்தில் தாமே செய்து பார்த்துத் தெரிந்துகொள்வார்கள்.